கணிமைச் சிந்தனைக் கல்வியில் ரோபோக்களும் கைபேசிச் செயலிகளும்

கணிமைச் சிந்தனை என்பது ஒரு சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அதன் தீர்வை ஒரு மனிதரோ பொறியோ ஐயமின்றிப் பின்பற்றக்கூடிய படிகளாக அமைக்கும் சிந்தனை முறையாகும். இதைப் பள்ளியில் கற்பிக்க இரண்டு வகைக் கருவிகள் பல நாடுகளில் பயன்படுகின்றன. ஒன்று, குழந்தைகள் இடும் கட்டளைப்படி தரையில் நகரும் சிறு ரோபோக்கள். மற்றொன்று, கைபேசியிலும் டேப்லெட்டிலும் இயங்கும் நிரலாக்கச் செயலிகள்.

ரோபோ வாங்கிக் கொடுத்தாலோ செயலியை நிறுவிக் கொடுத்தாலோ இந்தச் சிந்தனை தானாக வளர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இத்துறையின் ஐம்பதாண்டு வரலாறு அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரே கருவியைப் பயன்படுத்திய வகுப்புகளில் சிலவற்றில் பலன் கிடைத்தது; சிலவற்றில் கிடைக்கவில்லை. நிரல் எதிர்பார்த்தபடி இயங்காதபோது அந்தப் பிழையை மாணவர் எப்படித் தேடுகிறார், அந்தத் தேடலை ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

கணிமைச் சிந்தனையின் கூறுகள்

கணிமைச் சிந்தனையைப் பாடத்திட்டங்கள் பல விதமாகப் பிரிக்கின்றன. பெரும்பாலானவற்றில் பின்வரும் ஐந்து கூறுகளைக் காணலாம்.

பகுத்தல்: பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பிரிப்பது. பள்ளி ஆண்டு விழாவை நடத்துவது என்ற ஒரு வேலை, மேடை, அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், பரிசுகள் எனப் பிரிந்தால்தான் அதைத் தொடங்கவே முடியும்.

ஒழுங்கமைப்பைக் காணுதல்: திரும்பத் திரும்ப வரும் பகுதியை அடையாளம் காண்பது. ஒரு சதுரத்தை வரையும்போது 'முன்னே செல், வலப்புறம் திரும்பு' என்பது நான்கு முறை வருகிறது. அதைக் கண்டுகொண்டால் எட்டுக் கட்டளைகள் எழுத வேண்டியதில்லை; இரண்டு கட்டளைகளும் '4 முறை செய்' என்ற ஒரு மடக்கும் போதும்.

அருவமாக்கம்: தேவையற்ற விவரங்களை விட்டுவிட்டுத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வது. பேருந்து வழித்தடப் படத்தில் நிறுத்தங்களின் வரிசை இருக்கும். சாலையோர மரங்கள் இருக்கா.

படிமுறை: அல்காரிதம் எனப்படும், வரிசையாகச் செய்ய வேண்டிய தெளிவான படிகளை அமைப்பது.

பிழைதிருத்தம்: எதிர்பார்த்த விளைவும் கிடைத்த விளைவும் எங்கே வேறுபடுகின்றன என்று கண்டறிந்து சரிசெய்வது.

கணிமைச் சிந்தனையும் நிரலாக்கமும் ஒன்றல்ல. நிரலாக்கம் என்பது கணினிக்குப் புரியும் மொழியில் கட்டளை எழுதும் திறன். கணிமைச் சிந்தனை அதற்கு முன்பே தொடங்குகிறது. கணினியே இல்லாத இடத்திலும் பயன்படுகிறது. ஆனால் ஒரு மாணவரின் மனத்தில் உள்ள படிமுறை சரியா, தவறா என்பதை வெளியே காட்டுவதற்கு ஒரு கருவி தேவைப்படுகிறது. ரோபோவும் செயலியும் வகுப்பறைக்கு வருவது அதற்காகத்தான்.

தோற்றமும் வளர்ச்சியும்

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட் (1928–2016) இத்துறையின் முன்னோடி. அவர் ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். குழந்தைகள் தாமே பொருள்களைக் கையாண்டு அறிவைக் கட்டமைத்துக்கொள்கின்றனர் என்ற பியாஜேயின் கருத்தைக் கணினிக்கு அவர் விரிவுபடுத்தினார்.

1967இல் பேப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல்மொழியை உருவாக்கினர். சில ஆண்டுகளில் லோகோவின் கட்டளைகளுக்கு இணங்கத் தரையில் நகரும் 'ஆமை' என்ற ரோபோ வந்தது. அதன் அடியில் பொருத்தப்பட்ட பேனா, அது நகர்ந்த வழியைத் தாளில் கோடாக வரைந்தது. பின்னர் அதே ஆமை கணினித் திரையில் ஒரு சிறு முக்கோணமாக மாறியது. ஆக, ரோபோவும் திரையும் தொடக்கம் முதலே இணைந்து வந்தவை.

ஆமையின் சிறப்பு, குழந்தை தன்னையே அதன் இடத்தில் வைத்துப் பார்க்க முடிவதாகும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், அதன் கோணம் 60 பாகை என்று படித்த மாணவர் 'முன் 100, வலம் 60' என்பதை மூன்று முறை எழுதுவார். ஆமை முக்கோணத்தை வரையாமல் அறுகோணத்தின் மூன்று பக்கங்களை மட்டும் வரைந்து நின்றுவிடும். மாணவர் எழுந்து அந்த வழியில் தாமே நடந்து பார்த்தால் காரணம் புரியும். ஆமை திரும்புவது உட்கோணத்தால் அல்ல, வெளிக்கோணத்தால். எனவே 120 பாகை திரும்ப வேண்டும். எந்த மூடிய வடிவத்தையும் ஒரு முறை சுற்றி வந்தால் மொத்தத் திருப்பம் 360 பாகை என்ற உண்மை இந்தப் பிழையிலிருந்து பிறக்கிறது.

1970களின் நடுப்பகுதியில், பின்னாளில் கணினி வலையமைப்புத் துறையில் புகழ்பெற்ற ராடியா பெர்ல்மன், எழுதப் படிக்கத் தெரியாத மழலையரும் ஆமையை இயக்கும்படி பொத்தான் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றைய மழலையர் ரோபோக்களுக்கு அது முன்னோடி. பேப்பர்ட்டின் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூல் 1980இல் வெளிவந்தது. அந்த நூலின் பெயரையே லெகோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட தன் ரோபோத் தொகுப்புக்குச் சூட்டியது.

'கணிமைச் சிந்தனை' என்ற தொடர் பேப்பர்ட்டின் நூலிலேயே வந்தாலும், அதை உலகக் கல்வித் துறையின் பேச்சுக்குக் கொண்டுவந்தது கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜீனெட் விங் 2006இல் எழுதிய சிறு கட்டுரை. படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் போலவே இதுவும் கணினி அறிவியலாளருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் உரிய அடிப்படைத் திறன் என்பது அவருடைய வாதம். இதன்பின் பல நாடுகள் பாடத்திட்டங்களை மாற்றின. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் 5 வயதிலிருந்தே கணிமை ஒரு பாடமாயிற்று.

ரோபோக்கள்

மழலையர் வகுப்பிலும் தொடக்க வகுப்பிலும் பயன்படும் ரோபோக்களில் பீ-பாட் நன்கு அறியப்பட்டது. மஞ்சளும் கறுப்பும் கலந்த வண்டு வடிவிலான இதன் முதுகில் முன், பின், இடம், வலம் என்ற நான்கு அம்புப் பொத்தான்களும், செல், நிறுத்தம், அழி என்ற பொத்தான்களும் உள்ளன. முன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் 15 சென்டிமீட்டர் நகரும். வலம் பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டு 'செல்' என்பதைத் தொட்டால் அனைத்தையும் நினைவிலிருந்து எடுத்துச் செய்யும். இதற்குத் திரை இல்லை.

இந்த எளிய பொம்மையில் எவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். தரையில் 15 சென்டிமீட்டர் கட்டங்கள் வரையப்பட்டுள்ளன. வண்டு 'வீடு' என்ற கட்டத்தில் நிற்கிறது. 'பள்ளி' என்ற கட்டம் மூன்று கட்டம் முன்னேயும் இரண்டு கட்டம் வலப்புறமும் உள்ளது. முதல் முறை செய்யும் குழந்தைகளில் பலர் 'முன், முன், முன், வலம், வலம்' என்று அழுத்துவர். வண்டு மூன்று கட்டம் சென்று, நின்ற இடத்திலேயே இருமுறை திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிடும். வலம் என்பதற்குக் குழந்தை கொண்ட பொருள் 'வலப்பக்கத்துக் கட்டத்துக்குப் போ'. ரோபோ கொண்ட பொருள் 'வலப்பக்கம் திரும்பு'. ஒரே சொல்லுக்கு இரு பொருள் இருப்பதும், பொறி தனக்குக் கொடுக்கப்பட்ட பொருளை மட்டுமே அறியும் என்பதும் இந்த இடத்தில்தான் தெரியவருகின்றன.

குழந்தை திருத்தி, 'முன், முன், முன், வலம், முன், முன்' என்று சரியாக அழுத்துகிறது. வண்டை வீட்டில் முன்போலவே வைத்து 'செல்' என்கிறது. இம்முறையும் அது பள்ளிக்குப் போவதில்லை. மூன்று கட்டம் முன்னே சென்று, திரும்பி, வீட்டுக்கே வந்து, பின்பு வீட்டுக்கு இடப்புறம் இரண்டு கட்டம் தள்ளிப் போய் நிற்கிறது. கட்டளைகள் சரி, விளைவு தவறு. காரணம், 'அழி' பொத்தானை அழுத்தாததால் பழைய ஐந்து கட்டளைகளும் நினைவிலேயே இருந்தன. புதியவை அவற்றின் பின்னால் சேர்ந்துகொண்டன. வண்டு பதினொரு கட்டளைகளையும் அதே வரிசையில் செய்து முடித்திருக்கிறது.

இந்த நிலையில் ஆசிரியர் குறுக்கிட்டு 'அழி'யை அழுத்திக் கொடுத்தால் வண்டு பள்ளிக்குப் போய்விடும், பாடம் போய்விடும். பொறிக்கு நினைவு உண்டு, அதன் இப்போதைய நிலை முன்பு நடந்தவற்றைச் சார்ந்தது என்ற கருத்து, உயர்வகுப்புகளில் மாறிகளைக் கற்கும்போது மாணவர் பலரைத் தடுமாற வைப்பது. அதை ஆறு வயதுக் குழந்தை தரையில் உட்கார்ந்து, வண்டு போன வழியை விரலால் தொட்டு எண்ணிக் கண்டுபிடிக்க முடியும்.

வேறு வகை ரோபோக்களும் உள்ளன. அமெரிக்காவில் மரீனா பெர்ஸ் குழுவினரின் ஆய்விலிருந்து உருவான கிபோ, நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கானது. இதிலும் திரை இல்லை. மரக்கட்டைகளே கட்டளைகள். 'தொடங்கு' கட்டையில் ஆரம்பித்து 'முடி' கட்டை வரை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றின் மீதும் உள்ள பார்கோடை ரோபோவின் கண்ணுக்குக் காட்ட வேண்டும். எழுதிய நிரல் தரையில் கண்முன் கிடப்பதால், பிழை நேர்ந்தால் எந்தக் கட்டையில் என்று கைவைத்துக் காட்ட முடிகிறது. ஒலி, ஒளி, தொலைவு ஆகியவற்றை உணரும் உணரிகளைப் பொருத்தினால், 'கைதட்டும் வரை காத்திரு' போன்ற நிபந்தனைகளையும் அறிமுகப்படுத்தலாம்.

மூத்த மாணவருக்கு மைக்ரோபிட் போன்ற சிறு சுற்றுப்பலகைகள் உதவுகின்றன. பிபிசி நிறுவனத்தின் முன்முயற்சியில் 2016இல் பிரிட்டனில் 11, 12 வயது மாணவர் சுமார் 10 லட்சம் பேருக்கு இது இலவசமாக வழங்கப்பட்டது. இதற்கான நிரலைக் கைபேசிச் செயலியில் எழுதி, புளூடூத் வழியாக அனுப்பலாம்.

கைபேசிச் செயலிகள்

ஸ்கிராட்ச் ஜூனியர் 2014இல் வெளிவந்த இலவசச் செயலி. 2007இல் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் வெளியிட்ட ஸ்கிராட்ச் மொழியைத் தழுவி, 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக இது உருவாக்கப்பட்டது. கட்டளைத் துண்டுகளில் சொற்களுக்குப் பதிலாகப் படக்குறிகளே உள்ளன. இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்காத குழந்தையும், ஆங்கிலம் அறியாத குழந்தையும் இதை இயக்க முடியும். துண்டுகளை இடமிருந்து வலமாகக் கோத்து, பச்சைக் கொடியைத் தொட்டால் திரையில் உள்ள பூனை நகரும், பேசும், மறையும். ஒரே மேடையில் பல பாத்திரங்களை வைத்து, ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பும்படியும் செய்யலாம். கணக்கு தொடங்க வேண்டியதில்லை. நிறுவிய பின் இணைய இணைப்பும் வேண்டியதில்லை.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு ஆப் இன்வென்டர் பயன்படுகிறது. கூகுள் நிறுவனம் 2010இல் அறிமுகப்படுத்திய இது பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. இதில் மாணவர் செயலியைப் பயன்படுத்துவதோடு நிற்பதில்லை. தாமே ஒரு செயலியை உருவாக்கித் தம் கைபேசியில் இயக்குகின்றனர். எடுத்துக்காட்டாக, தாயக்கட்டை உருட்டும் செயலி ஒன்றைச் செய்யலாம். கைபேசியைக் குலுக்கியதும் ஒரு சமவாய்ப்பு எண் தோன்ற வேண்டும். இங்கே கட்டளைகள் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடி முடிவதில்லை. 'குலுக்கப்பட்டால்' என்ற நிகழ்வுக்காகப் பொறி காத்திருக்கிறது. வரிசைக் கட்டளைகளில் பழகிய மாணவருக்கு இது புதிய சிந்தனை. அன்றாடம் கையில் இருக்கும் கைபேசி உள்ளே எப்படி இயங்குகிறது என்பதும் இதன்வழி விளங்குகிறது.

ரோபோவையும் செயலியையும் இணைப்பவையும் உள்ளன. பீ-பாட்டின் அடுத்த வடிவமான புளூ-பாட் டேப்லெட்டுடன் இணைகிறது. பொத்தானை அழுத்தியவுடன் மறைந்துவிடும் கட்டளை, செயலியில் வரிசையாகத் திரையில் நிற்கிறது. மேலே சொன்ன பதினொரு கட்டளைச் சிக்கலில் சிக்கும் மாணவர் அந்த வரிசையைப் பார்த்தவுடன் காரணத்தைக் கண்டுகொள்வார்.

ரோபோவுக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாடுகள்

திசை: ரோபோவின் 'வலம்' ரோபோவின் வலம். அது குழந்தையை நோக்கி வரும்போது, குழந்தையின் இடப்பக்கம் ரோபோவின் வலப்பக்கமாகிவிடும். ஸ்கிராட்ச் ஜூனியரில் 'வலப்புறம் நகர்' என்பது எப்போதும் திரையின் வலம். பூனையைச் சுழற்றிவிட்டாலும் அது மாறாது. முதல் வகையில் திசை நகரும் பொருளைச் சார்ந்தது. இரண்டாம் வகையில் மேடையைச் சார்ந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் குழந்தை குழம்புவது இயல்பு. ஆசிரியர் இதை முன்பே அறிந்திருந்தால், அந்தக் குழப்பத்தையே பாடமாக்கலாம்.

துல்லியம்: திரையில் ஒரே நிரல் நூறு முறையும் ஒரே விளைவைத் தரும். தரையில் அப்படியல்ல. சக்கரம் வழுக்கும், விரிப்பு மடியும், மின்கலம் தளரும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஏற்படும் சிறு பிழை சேர்ந்து, நீண்ட நிரலின் முடிவில் ரோபோ கட்டத்துக்கு வெளியே நிற்கும். பிழை நிரலில் உள்ளதா, உலகில் உள்ளதா என்று பிரித்தறிவது பொறியியலின் முதல் பாடங்களில் ஒன்று.

வேகம்: செயலியில் ஒரு துண்டை மாற்றிக் கொடியைத் தொட ஒரு நொடி போதும். இது வசதி; ஆபத்தும் அதுவே. ஏன் தவறானது என்று யோசிக்காமல், சரியாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். ரோபோவை எடுத்து, தொடக்கத்தில் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அழுத்துவது சலிப்பானது. அந்தச் சலிப்பே அடுத்த முயற்சிக்கு முன் யோசிக்க வைக்கிறது.

கூட்டுவேலை: நான்கு பேருக்கு ஒரு ரோபோ என்றால் பேசித்தான் ஆக வேண்டும். தலைக்கு ஒரு டேப்லெட் இருந்தால் வகுப்பு அமைதியாகிவிடும். பேச்சில்தான் சிந்தனை வெளிப்படுகிறது என்பதால், போதிய டேப்லெட் இருக்கும் பள்ளிகளிலும் இருவருக்கு ஒன்று கொடுத்து, ஒருவர் கட்டளை சொல்ல மற்றவர் இயக்கும் முறை பயன்படுத்தப்படுகிறது.

ஆய்வுகள் காட்டுவது

1980களில் லோகோ பல பள்ளிகளில் பரவியபோது, அது பொதுவான திட்டமிடும் திறனை வளர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீ, மிடியன் குர்லாண்ட் ஆகியோர் இதைச் சோதித்தனர். லோகோ கற்ற குழந்தைகளுக்கும் கற்காத குழந்தைகளுக்கும், வகுப்பறையைச் சுத்தம் செய்யும் வேலைகளைக் குறைந்த நடையில் முடிக்கும் வழியைத் திட்டமிடும் பணி தரப்பட்டது. இரு குழுவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்த வகுப்புகளில் குழந்தைகள் பெரும்பாலும் தாமே கண்டறியும்படி விடப்பட்டிருந்தனர்.

கருவியை மட்டும் தனியே எடுத்து 'அது என்ன விளைவைத் தருகிறது' என்று கேட்பதே தவறு என்று பேப்பர்ட் இதற்கு மறுமொழி கூறினார். கருவி அமையும் வகுப்பின் பண்பாட்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு.

இந்த விவாதத்தில் திருப்பத்தை ஏற்படுத்தியது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிளார், ஷாரன் கார்வர் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் லோகோவுடன் பிழை தேடும் முறையையும் வெளிப்படையாகக் கற்பித்தனர். எதிர்பார்த்ததும் கிடைத்ததும் எப்படி வேறுபடுகின்றன என்று விவரிப்பது, அந்த வேறுபாட்டை எவ்வகைப் பிழை உண்டாக்கியிருக்கும் என்று ஊகிப்பது, நிரலின் எப்பகுதியில் அது இருக்கும் என்று தேடல் பரப்பைச் சுருக்குவது, திருத்திவிட்டு மீண்டும் சோதிப்பது என்பன அதன் படிகள். இவ்வாறு கற்ற குழந்தைகள் நிரலில் மட்டுமன்றி, எழுதித் தரப்பட்ட வழிக்குறிப்புகள் போன்ற கணினி சாராத அறிவுறுத்தல்களிலும் உள்ள பிழைகளை முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தனர்.

நிரலாக்கக் கல்வியின் பயன் பிற திறன்களுக்குக் கடந்து செல்கிறதா என்பதைப் பற்றிய 105 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான பகுப்பாய்வும், பொதுவாக நேர்மறை விளைவு உண்டு என்றும், நிரலாக்கத்துக்கு நெருங்கிய திறன்களில் அது வலுவாகவும் தொலைவான திறன்களில் குறைவாகவும் உள்ளது என்றும் காட்டியது.

வகுப்பில் நடத்தும் முறை

இந்த அனுபவங்களிலிருந்து, கருவி எதுவாயினும் பின்பற்றக்கூடிய ஒரு வரிசையைத் தொகுக்கலாம்.

1. உடலால் செய்தல். ஒரு மாணவர் ரோபோவாக நிற்க, மற்றவர்கள் கட்டளை சொல்வர். சொன்னதை மட்டுமே செய்ய வேண்டும். மனத்தில் நினைத்ததை ஊகித்துச் செய்யக் கூடாது.

2. எழுதுதல். பொத்தானைத் தொடுமுன் அம்புக்குறிகளைத் தாளில் எழுத வேண்டும். தாளில் இருப்பது திட்டம். ரோபோ செய்வது நடப்பு. இரண்டும் இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

3. முன்கணித்தல். 'செல்' தொடுவதற்கு முன் ரோபோ எங்கே நிற்கும், எந்தத் திசையைப் பார்க்கும் என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் ஒரு காயை வைக்க வேண்டும்.

4. இயக்கிப் பார்த்தல். முன்கணிப்பிலிருந்து ரோபோ முதன்முதலில் விலகிய கட்டளை எது என்று குறிக்க வேண்டும். கடைசியில் எங்கே போயிற்று என்பதைவிட, முதலில் எங்கே பிரிந்தது என்பதே முக்கியம்.

5. ஒன்றை மட்டும் மாற்றுதல். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றினால், எது பிழையைத் தீர்த்தது என்று தெரியாது.

6. புதிதாக உருவாக்குதல். பிறர் நிரலைப் படித்துத் திருத்தப் பழகிய பின் சொந்த நிரலுக்குச் செல்லலாம்.

இங்கிலாந்தில் சூ சென்டன்ஸ் உருவாக்கிய, முன்கணி, இயக்கு, ஆராய், மாற்று, உருவாக்கு என்ற ஐந்து நிலைகள் கொண்ட கற்பித்தல் முறையும் இதே வரிசையைப் பின்பற்றுகிறது.

மதிப்பீடு

ரோபோ இலக்கை அடைந்ததா என்பது மட்டுமே மதிப்பெண்ணுக்கு அளவாக இருந்தால், குழுவில் ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அனைவருக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். கேரன் பிரெனன், மிட்செல் ரெஸ்னிக் ஆகியோர் 2012இல், கருத்துகள், செயல்முறைகள், பார்வைகள் என்ற மூன்று தளங்களில் கணிமைச் சிந்தனையை மதிப்பிடப் பரிந்துரைத்தனர். ஒரு நிரலில் மடக்கு இருப்பதால் மட்டுமே அதை அமைத்த மாணவருக்கு அது புரிந்திருக்கிறது என்று கொள்ள முடியாது; அவரோடு உரையாடி விளக்கச் சொல்ல வேண்டும் என்றும் அவர்கள் காட்டினர். வகுப்பில் எளிதாகச் செய்யக்கூடியது, ஆசிரியர் ஒரு பிழையைச் சேர்த்துக் கொடுத்து, அதை மாணவர் எந்த வரிசையில் தேடுகிறார் என்று கவனிப்பதாகும். லிதுவேனியாவில் 2004இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பீப்ராஸ் போட்டி, நிரலாக்க அறிவு தேவைப்படாத சிறு புதிர்களால் இத்திறனைச் சோதிக்கிறது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தேசியக் கல்விக் கொள்கை 2020 கணிமைச் சிந்தனையைக் குறிப்பிட்டு, நடுநிலை வகுப்புகளில் நிரலாக்கச் செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016 முதல் 6 முதல் 12ஆம் வகுப்பு மாணவருக்கான ஆய்வுக்கூடங்களுக்குப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி வழங்குகிறது. ரோபோக் கருவிகளும் சுற்றுப்பலகைகளும் இவற்றில் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் அறிமுகமானது.

தமிழ்ச் சூழலுக்கு உள்ளேயே கிடைக்கும் கருவி ஒன்றும் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் என்று காட்டியது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தை, 'முன்னே செல், இடம் வளை, வலம் வளை' என்ற ஆமைக் கட்டளைகளாக எழுதலாம். ஒரு கோலத்தில் திரும்ப வரும் பகுதியைக் கண்டுபிடித்து மடக்காக எழுதச் சொல்வது, சுண்ணக்கட்டியும் தரையும் மட்டுமே தேவைப்படும் கணிமைச் சிந்தனைப் பயிற்சி.

வரம்புகள்

முதல் வரம்பு செலவு. ரோபோக்களின் விலையோடு, மின்கலம், பழுது, உதிரிபாகம் ஆகியவற்றின் செலவும் தொடர்ந்து வரும். வாங்கிய ஆண்டில் திறந்துவைக்கப்பட்டு, உடைந்துவிடும் என்ற அச்சத்தில் பூட்டியே கிடக்கும் கருவியால் மாணவருக்குப் பயனில்லை.

இரண்டாவது, கருவிகளின் ஆயுள். லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் இரண்டு தலைமுறை மாணவருக்குப் பயன்பட்ட பின் 2022 இறுதியில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. செயலிகளும் பழைய கைபேசிகளில் இயங்காமல் போகலாம். ஒரே நிறுவனத்தின் பொருளைச் சுற்றிப் பாடத்தை அமைத்தால், பொருள் மறையும்போது பாடமும் மறைகிறது.

மூன்றாவது, செயலிகளின் தன்மை. 'கோடிங் கற்பிக்கும்' என்று விளம்பரப்படுத்தப்படும் பல செயலிகளில் குழந்தை செய்வது, ஒரே விடை உள்ள புதிர்களை வரிசையாகக் கடந்து நட்சத்திரங்கள் சேர்ப்பது மட்டுமே. சில செயலிகள் குழந்தைகளின் தரவுகளைக் கேட்கின்றன. இடையில் விளம்பரம் காட்டுகின்றன. குழந்தை தான் நினைத்ததைச் செய்து பார்க்க இடமுள்ளதா, கணக்கும் இணையமும் இன்றி இயங்குமா என்று ஆசிரியரும் பெற்றோரும் பார்த்துத் தேர்வுசெய்ய வேண்டும்.

நான்காவதும் பெரியதுமான வரம்பு, ஆசிரியர் பயிற்சி. பொத்தான்களை இயக்கப் பழகுவதற்கு ஒரு பிற்பகல் போதும். தவறான கட்டத்தில் நிற்கும் வண்டைக் கையில் எடுத்துச் சரியான இடத்தில் வைக்காமல், 'எந்தக் கட்டளையில் வழி மாறியது?' என்று கேட்டுவிட்டுக் குழந்தை யோசித்து முடிக்கும் வரை காத்திருக்கப் பழகுவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்; அதற்கு ஏற்ற பாடவேளையும் வேண்டும். கருவிக்கு ஒதுக்கும் நிதியோடு இந்தப் பயிற்சிக்கும் நேரத்துக்கும் இடம் ஒதுக்கும் பள்ளிகளிலேயே ரோபோவும் செயலியும் பொம்மை என்ற நிலையைக் கடந்து கற்றல் கருவிகளாகின்றன.